சூலையும் சலைனும்

போன ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் எனக்கு வயிற்றுவலி. அமாவாசையன்று திருவையாற்றில் அப்பருக்குக் கயிலாயக் காட்சி. அன்று பாட வேண்டியவன் நான். ஓதுவாருக்கு வயிறு வலித்தால் என்ன செய்வார்? அப்பரின் சூலை என்ற வயிற்றுவலி தீர்ந்த திருவதிகைப் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் எடுத்தேன். அவருக்கு வந்தது நமக்கும் வந்திருக்கிறதே என்று உள்ளூர ஒரு கர்வம்கூட.

இரண்டு நாள் பாடினேன். மூன்றாம் நாள் குரலே எழும்பவில்லை. வயிறு பலகையாக விறைத்து, கைகால் சில்லிட்டுவிட்டது. "பாடினது போதும் மாமா" என்று மருமகள் 108-க்குப் போன் போட்டுவிட்டாள்.

தஞ்சாவூரில் என்னைப் பார்த்த டாக்டருக்கு என் பேத்தி வயசு. "ஐயா, கடைசியா ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரமாச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள். என் விரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகத்தில் சிவப்பு ஏற மனசில்லாமல் நின்றது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் பிரஷர் 70. குடல்வால் வெடித்து, வயிறெல்லாம் சீழ். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். முதல் 3 மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லியாம். 60 கிலோ ஆளுக்கு 1,800 மில்லி. ஆன்டிபயாடிக்கை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டுமாம். அப்புறம் ஆபரேஷன், சீழை வெளியே எடுக்காமல் மருந்து மட்டும் போதாது. சலைன் என்பது என்ன? லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு.

ஊரில் பாதிப் பேர் "உங்க பாட்டுதான் காப்பாத்துச்சு" என்கிறார்கள். மீதிப் பேர் "பதிகம் பலிக்கலையே ஓதுவாரே" என்று சிரிக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. படுத்திருந்த நாளில் பெரியபுராணத்தை மறுபடி புரட்டினேன். சூலையைக் கொடுத்தவனே சிவன்தான் என்கிறார் சேக்கிழார். ஆனாலும் அப்பர் அதை வினை என்று பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. அப்போது சமணராயிருந்தவர், சமணர்கள் மந்திரித்த குண்டிகை நீரைக் குடித்துப் பார்த்தார். மயிற்பீலியால் தடவவும் விட்டார். தீரவில்லை. பாய், குண்டிகை, பீலி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு அக்காவைத் தேடிப் போனார். திலகவதியார் கையால் திருநீறு வாங்கியபின்தான் கோயிலில் நின்று பாடினார். இத்தனை வருஷம் பதிகத்தைப் பாடிய எனக்கு, அதற்கு முன்னால் அவர் எழுந்து போனது கண்ணில் படவே இல்லை. அவருக்கு வந்தது குடல்வால் என்று நான் சொல்ல வரவில்லை.

அமாவாசையன்று வேறொருவர் பாடினார்.

வயிறு விறைத்து, கைகால் சில்லிட்டு, ஒண்ணுக்கு வராமல் நின்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பதிகத்தை ஆம்புலன்ஸில் பாடிக்கொள்ளலாம்.