பனிமனிதனும் அபயதானமும்

இமயமலைச் சாரலில் வாழும் ஷெர்ப்பா மக்களிடையே 'யெதி' என்னும் உயிரைப் பற்றிய பழங்கதைகள் வழங்குகின்றன. உடலெங்கும் உரோமம் அடர்ந்த, மனிதச் சாயல் கொண்ட பேருருவம் அது என்பர். 1951-இல் எரிக் ஷிப்டன் என்னும் மலையேறி மென்லுங் பனியாற்றில் பெரிய காலடிச் சுவடுகளைப் படம் பிடித்தார். அதன்பின் யெதியைத் தேடுவோர் பெருகினர். 1959-இல் நேபாளத்தில் நடப்பிலிருந்த விதிகளின்படி, தேடுவோர் 5000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும், யெதியைப் படம் பிடிக்கலாம், தற்காப்புக்கன்றிக் கொல்லலாகாது.

உண்டோ இல்லையோ என்று அறியாத உயிருக்கும் அபயமா எனச் சிலர் நகைக்கலாம். நாம் நகைப்பதற்கில்லை. யசோதர காவியத்து மன்னன் தாயின் சொற்கேட்டுப் பலியிட்டது மாவினாற் செய்த கோழியே. ஆயினும் கொலையெண்ணம் மெய்யாதலின், இருவரும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. யெதியைக் கொல்லலாகாது என்று நம் உள்ளம் கூறுவது, அது மனிதனை ஒத்திருப்பதனாலா? 2017-இல் யெதியுடையன எனப் பேணப்பட்ட எலும்பு, பல், தோல், உரோமம் முதலிய 9 மாதிரிகளின் மரபணுக்களை ஆராய்ந்தனர். எட்டு, கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது.

மனிதன் எனக் கருதியது கரடியே எனத் தெளிந்ததும் நம் இரக்கம் குன்றுமாயின், நாம் நேசித்தது நம் சாயலையே. கரடியும் நாயும் நம்மைப் போன்றே ஐம்பொறி உயிர்கள் என்பது ஆகமத் துணிபு. இமயத்துப் பழுப்புக் கரடி இன்று மிகவும் அருகிவிட்டது. கதையில் உலவும் யெதிக்கு அளித்த அபயத்தை, மலையில் உலவும் அவ்வுயிருக்கும் அளிப்பதே அருளறம்.