பாஸ்புக்கும் போனும்

மாதத் தொடக்கத்தில் வங்கிக் கிளைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, முனை மடங்கிய பக்கத்தை விரலால் நீவிவிட்டுக் கவுண்ட்டரில் நீட்டுகிறார் ஓய்வூதியர் ஒருவர். "போன்லயே பார்த்துக்கலாமே சார்" என்கிறார் இளம் ஊழியர். உதவியாகச் சொன்ன சொல்தான். பெரியவர் காதில் அது விரட்டுவதுபோல விழுகிறது.

அவருக்கு அச்சில் வந்தால்தான் கணக்கு. 2016இல் யுபிஐ வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்த இளம் ஊழியருக்குத் திரையில் தெரிவதே கணக்கு.

இதே கவுண்ட்டர்களுக்கு உள்ளேயும் ஒரு காலத்தில் இந்த உரசல் இருந்தது. 1980களில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது வங்கித் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வேலை போய்விடுமோ என்ற அந்தப் பயம் நியாயமானது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றிய ரங்கராஜன் குழுவின் 1984 அறிக்கைக்குப் பிறகு கணினிகள் மெல்ல வந்தன. தடித்த லெட்ஜரில் மனக்கணக்காகவே கூட்டிப் பழகிய மூத்தவர்கள், நேற்று சேர்ந்த பையன்களிடம் கீபோர்டு பழக வேண்டியிருந்தது. அந்தப் பையன்களும் இன்று ஓய்வூதியர்கள்.

இன்றைய கவுண்ட்டரில் சில ஊழியர்கள் முதலில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் போனை வாங்கிச் சொல்லித்தருகிறார்கள். அப்போது பெரியவரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்று கேட்கிறார்.