காத்திருக்கப் பழகும் பிள்ளை

கடலூர் செம்மண்டலத்திலோ சிதம்பரத்திலோ அங்கன்வாடிக்குப் போகும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் எழுத்து அல்ல, காத்திருப்பது. கதை முடியும்வரை உட்கார வேண்டும். பந்து தன் கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். எல்லாத் தட்டிலும் சோறு விழும்வரை கையை அடக்க வேண்டும். இந்தப் பொறுமை உள்ள பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் எளிதில் ஏறும். இல்லாத பிள்ளையை அடங்காதது என்று பெற்றவர்களே ஏசுகிறார்கள், அடிக்கிறார்கள்.

பொறுமை அடியால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சிறு பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. முன்னால் வைத்த தின்பண்டத்தை உடனே தின்னாமல் பொறுத்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். ஜப்பானியப் பிள்ளைகளே அதிக நேரம் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் பரிமாறிய பிறகு உண்பது அவர்கள் வீட்டு வழக்கம். பொதிந்த பரிசை வைத்தபோது அமெரிக்கப் பிள்ளைகளே அதிகம் பொறுத்தார்கள். பிறந்தநாள் பரிசைக் காத்திருந்து பிரிப்பது அவர்கள் வழக்கம். எதில் பழகியதோ, அதில் பிள்ளை பொறுக்கிறது.

அய்யா வைகுண்டர் தம் மக்களை வழக்கத்தால்தான் உயர்த்தினார். வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தார் நாளுக்கு மூன்று வேளை குளித்து, ஒரு வேளை பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து உண்டார்கள். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். நிழல்தாங்கலில் இன்றும் பணிவிடை முடிந்த பிறகே அன்னதர்மம். இருப்பவர் பிள்ளையும் இல்லாதவர் பிள்ளையும் ஒரே பந்தியில் காத்திருக்கின்றன. தன் பசியைப் போலவே பக்கத்துப் பிள்ளைக்கும் பசி உண்டு என்று அங்கே பிள்ளை அறிகிறது. அடக்கமும் தர்மமும் ஒன்றாய் முளைக்கும் இடம் அது.

பக்கத்தில் தாங்கல் இல்லாத வீட்டிலும் இது கூடும். மாலையில் விளக்கேற்றிப் பிள்ளையை அருகில் இருத்தி, திருநாமம் இட்டு, அய்யாவை நினைத்த பிறகு எல்லோரும் சேர்ந்து உண்ணலாம். கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டினால் பிள்ளை காத்திருக்கக் கற்காது.

பெரியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தருவதாகச் சொன்னதைத் தர வேண்டும். சொன்ன சொல் தவறும் பெரியவரை நம்பிப் பிள்ளை நெடுநேரம் காத்திருக்காது. இதுவும் ஆய்வில் கண்டதுதான்.

பள்ளியறைக் கண்ணாடியில் தெரியும் முகத்துக்குள் இறைவன் உண்டு என்று வணங்குகிறவர்கள், பிள்ளையின் முகத்திலும் அவரைக் காண வேண்டும். அந்த முகத்தில் கை ஓங்காமல், அதனோடு பொறுமையாய் அமர்ந்து பழக்குவதே தர்மம்.

அய்யா உண்டு!