செஞ்சோற்றுக்கடனும் தாய்மொழியும்

படைவீரன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு ஒரே விடையைத் தந்ததில்லை. தமையன் செய்தது பிழையென அறிந்தும் அவனுக்காகவே பொருது மடிந்த கும்பகருணனை அது போற்றிற்று. அறத்தின் பக்கம் சென்ற வீடணனையும் ஏற்றது. ஏற்றதெனினும், மேடைப் பேச்சில் வீடணன் என்பது இன்றும் வசைச்சொல்லே. வன்னியிலோ அவ்விடத்தைக் காக்கை வன்னியன் பெறுவான்.

1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் ஈராக் போரிலே இரு நாட்டுப் படைகளிலும் குர்திய வீரர் இருந்தனர். அவர்கள் எதிர்கொண்ட அதே வினா 1987 இல் வன்னிக்கும் வந்தது. அவ்வாண்டு யூலை 29 இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி வந்த இந்திய அமைதி காக்கும் படை, ஒக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது. அப்படையிலே தமிழ் பேசும் வீரரும் இருந்தனர். கிளிநொச்சி மாவட்டத்து ஜெயபுரம் போன்ற ஊர்களில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னியை அடைந்தோரின் முன்னோர் திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் பிறந்தவர்கள். துப்பாக்கியோடு வந்தவனும் வாசலில் நின்றவளும் ஒரே மாவட்டத்து வழியினராதல் கூடும்.

மொழியுறவே கடமையைத் தீர்மானிக்கும் என்பார் கூற்று நிலைபெறாது. 1989 இல் இளைஞரைப் பலவந்தமாகத் திரட்டி அமைக்கப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்தைப் புலிகள் தாக்கி அழித்தனர். அங்கே கொன்றோரும் மாண்டோரும் ஒரே மொழியினர். சத்தியப்பிரமாணமே முடிந்த முடிபு என்பாரும் ஒன்றை மறக்கின்றனர். பிரமாணம் கட்டளைக்குப் பணியச் சொல்லும். கேட்டதைக் கேளாததாக்க அதனால் இயலாது. சோதனைச் சாவடியில் ஒரு தாய் கதறினால், பஞ்சாபிச் சிப்பாய்க்கு அது துயரத்தின் ஓசை மட்டுமே. தமிழ்ச் சிப்பாய்க்கோ ஒவ்வொரு சொல்லும் பொருளுடையது: பிடிபட்டவன் மாணவன், நோயாளி, ஒரே மகன். விளங்கவில்லை என்னும் விலக்கு அவனுக்கு இல்லை. ஆகவே விளங்கியதை அதிகாரிக்கு எடுத்துரைத்தல் அவனுக்கே உரிய கடனாகின்றது. அது பிரமாணத்தை மீறுவதன்று. எனினும் படைமுகாமில் அதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. ஏனெனில் 'உன் ஆட்கள்' என்னும் ஏளனச் சொல் அங்கே எந்நேரமும் காத்திருக்கும்.

ஏறக்குறைய 1200 வீரரை இழந்த அப்படையின் இறுதிப் பிரிவு 1990 மார்ச் 24 இல் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்ற நிலைப்பாட்டோடு, அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லவில்லை. பிற மாநில வீரருக்கு அது ஓர் அரசின் புறக்கணிப்பு. தமிழ் வீரனுக்கோ, அவன் திரும்பிச் செல்லவேண்டிய ஊரும் அந்த அரசின் கீழேதான் இருந்தது.