கிடைக்காத இடமும் ஊழும்

விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர் அதைத் தன் தகுதிக்கு எழுதப்பட்ட தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார். நீட் தேர்வை ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள், நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்துக்கு மேல். எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இளநிலை இடங்கள் சுமார் 18,000. கட்‑ஆஃபுக்கு ஒரு மதிப்பெண் மேலே நிற்பவரையும் கீழே நிற்பவரையும் பிரிப்பது பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கைதான்.

அப்போது வீட்டில் யாராவது ‘எல்லாம் தலையெழுத்து’ என்பார்கள். அது ஆறுதலா, கைகழுவலா என்பது பழைய கேள்வி. திருக்குறளே இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஊழைவிட வலியது இல்லை என்று 38ஆம் அதிகாரம் முடிகிறது. சோர்வின்றி முயல்பவர் ஊழையே புறங்காண்பர் என்று 62ஆம் அதிகாரம் முடிகிறது. முரண்போலத் தோன்றும் இரண்டும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. நடந்து முடிந்ததை ஊழின் கணக்கில் வைத்தால் மனம் தன்னையே குற்றம் சாட்டுவதை நிறுத்தும். வரப்போவதையும் அதே கணக்கில் எழுதினால் கை ஓய்ந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குப் பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லாததை ஊழ் என்பதோ அநீதிக்குத் திரை போடுவது.

கிடைக்காத இடத்தை ஏற்று மேலே நடந்தவருக்கு அப்துல் கலாம் ஓர் எடுத்துக்காட்டு. 1958இல் அவர் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இருந்தவை எட்டு இடங்கள். மனமுடைந்து ரிஷிகேஷ் போனவரிடம், விதியை ஏற்று மேலே நடக்கும்படி சுவாமி சிவானந்தர் சொன்னதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். பிறகு தில்லி சென்று, பாதுகாப்புத் துறையில் கிடைத்த அறிவியல் உதவியாளர் வேலையில் சேர்ந்தார். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானதைக் காட்டி, ‘உனக்கும் இதைவிடப் பெரியது வரும்’ என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அவரிடம் கற்க வேண்டியது, கைக்கு வந்த வேலையை முழு மனத்தோடு ஏற்றதுதான்.

ஏற்பதற்கு முன் அழுகைக்கும் இடம் வேண்டும். முடிவு வந்த அன்றே தத்துவம் சொல்வது புண்ணைக் கிளறும். அருகில் உட்கார்ந்திருப்பதே அன்றைக்குப் போதும். துயரம் தணியாமல் உயிர்மீதே வெறுப்பு தோன்றினால் தத்துவத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.