சுமையும் சமநிலையும்

சுமை என்றாலே இறக்கி வைக்கத் தக்கது என்று எண்ணுவது மனித இயல்பு. சுமையே உயிர் காக்கும் இடமும் உண்டு. கடலடி அதற்குச் சான்று.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கயிற்றில் கட்டிய கல்லின் பளுவால் விரைந்து இறங்கினர். அடித்தளம் சேர்ந்ததும் அதனை விட்டனர். மூச்சடக்கி மூழ்கிய அவர்களுக்கு அது போதும். 1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, கன்யான் ஆகியோர் உருவாக்கிய மூச்சுக் கருவியின் வழிவந்தோர் இன்று முதுகில் இரட்டைக் காற்றுக் கலன்களைச் சுமந்து ஆழத்தில் நெடுநேரம் உலவுகின்றனர். இவர்கள் பளுவை இடைவழியில் விட்டுவிட இயலாது.

காற்றுக்கும் எடை உண்டு. 12 லிட்டர் கலன்கள் இரண்டில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 6 கிலோகிராம் இருக்கும். மூச்சு விட விட அவ்வெடை குறைகிறது. இறங்கும்போது போதுமெனத் தோன்றிய ஈயக்கட்டி, திரும்பும்போது போதாமற் போகும். உடலில் கரைந்த நைட்ரசன் மெல்ல வெளியேறும் பொருட்டு 5 மீட்டர் ஆழத்தில் தங்க வேண்டிய வேளையில், மூழ்குவோன் தன் விருப்பின்றியே மேலே தூக்கப்படுவான். அது உயிருக்கே உலை வைக்கக் கூடும். மிகைப்பளுவும் கேடே, மிதவைப் பை பழுதுற்றால் மேலெழுதல் அரிது. ஆதலின், கலன்கள் வெறுமையாகும் நிலையைக் கருதியே பளுவை அளக்கின்றனர். தொடக்கத்தில் மிஞ்சுவதைப் பையில் ஊதிய காற்று ஈடுசெய்கிறது.

அளவுடன் இடமும் வேண்டும். அளவான பளுவே இடுப்பின்கீழ் இருந்தால் கால்கள் தாழ்ந்து, துடுப்பு சேற்றைக் கிளறிப் பார்வையை மறைக்கும். தோளை நோக்கி நகர்த்தினால் உடல் கிடைமட்டமாகும்.

வாழ்வில் ஒழுக்கம் இத்தகைய பளுவாகும். பணியேற்ற புதிதில் ஆசிரியரின் ஊக்கம் நிறைகலன் போன்றது. அவ்வூக்கமே அவரை நிலைநிறுத்துவதால், ஒழுக்க விதிகள் வீண்சுமையாகத் தோன்றும். ஆண்டுகள் பல கழிந்து ஊக்கம் வற்றும் நாளில், அவரைத் தம் நிலையினின்றும் வழுவாமல் நிறுத்துவது அந்தச் சுமையே அன்றோ? எனினும் மிகையான விதி மனிதனை அமிழ்த்திவிடும். இடம் தவறிய விதியும் அவ்வாறே. கண்டிப்பு ஒன்றே, பொய்யுரைத்த மாணவனிடம் காட்டினால் அறம், வறுமையால் காலந்தாழ்ந்து வந்தவனிடம் காட்டினால் கொடுமை.

எனவே, சுமை வேண்டுமா வேண்டாவா என்பது கேள்வியன்று. எவ்வளவு, எங்கே என்பதே கேள்வி. அதனை அளக்க வேண்டிய நாள் புறப்படும் நாளன்று; கலன் வற்றிக் கரை திரும்பும் நாளாகும்.