மண் காயும் வரை

யாங்கோனின் பான்சோடான் படித்துறையில் படகேறி ஆற்றைக் கடந்தால் டாலா. அங்கிருந்து சாலைவழி மேற்கே போனால் த்வாண்டே. ஆங்கிலேயர் காலத்தில் ஐராவதியையும் யாங்கோன் ஆற்றையும் இணைக்க வெட்டிய கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மண்பாண்டம். குயவர் வாழும் பகுதி ஓபோ. அந்தப் பெயருக்கே பானைச்சூளை என்றுதான் பொருள். இங்கே ஒருவர் சக்கரத்தைச் சுற்றிவிட, இன்னொருவர் வனைவார்.

வனைந்த பானை உடனே சூளைக்குப் போய்விடாது. நிழலில் கிடந்து காய வேண்டும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் நெருப்பில் நீராவியாகிப் பானை வெடித்துவிடும். வெந்து முடிந்த பிறகும் சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல்தான். பிசைந்த மண்ணைச் சில நாள் மூடி வைத்தால் குழைவு கூடும் என்பது எந்த ஊர்க் குயவருக்கும் தெரியும். குயவர் கைவைக்காத நேரத்திலும் பானை உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் வெயிலுக்குக் காத்திருக்கும் நம்மூர் வேளாரிடம் கேட்டாலும் இதையே சொல்வார், இரண்டு வசவு சேர்த்து.

த்வாண்டேயில் மழை கொட்டும் அதே மாதங்களில்தான் மியன்மாரின் பிக்குகளும் பயணத்தை நிறுத்துகிறார்கள். ஜூலையை ஒட்டிய வாசோ பௌர்ணமியிலிருந்து அக்டோபரை ஒட்டிய தடிஞ்ஜுட் பௌர்ணமி வரை மூன்று மாதம், ஒரே விகாரையில். பர்மிய மொழியில் இதற்கு ‘வா’ என்று பெயர். இல்லறத்தாரும் அந்த மாதங்களில் கல்யாணம் வைப்பதில்லை.

வழக்கம் பிறந்த கதையைப் பிக்குகளின் ஒழுக்க நூலான விநயம் சொல்கிறது. மழையிலும் பிக்குகள் ஊர் ஊராகத் திரிந்து பயிரை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களை நசுக்குகிறார்கள் என்று மக்கள் முணுமுணுத்தார்களாம். புத்தர் ஓரிடத்தில் தங்கச் சொன்னார். தொடக்கத்தில் இது ஓய்வு கூட இல்லை, அடுத்தவர் வயலுக்குக் காட்டிய மரியாதை. விநயத்தைச் செய்யுளாகச் சுருக்கிப் பாலியில் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டுக்காரர். காவிரிக்கரையில் பூதமங்கலத்து விகாரையில் இருந்து எழுதியவர். ஆகவே இந்த விதிகள் தமிழ் மண்ணுக்கு அந்நியமானவை அல்ல.

இங்கேதான் கேள்வி எழுகிறது. வேலையை நிறுத்தி வைப்பதில் அறம் இருக்கிறதா, அல்லது அது சோம்பலுக்குச் சாத்திய காவியா?

பிக்குகளின் கணக்கு விசித்திரமானது. ஒரு பிக்குவின் மூப்பை அவர் எத்தனை மழைக்காலம் ஒடுங்கியிருந்தார் என்று எண்ணித்தான் சொல்வார்கள். எத்தனை காதம் நடந்தார், எத்தனை பேருக்கு உபதேசித்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் விதி முரடாகவும் இல்லை. தாய் தந்தை நோயுற்றால், உரிய காரணம் இருந்தால், ஏழு நாளுக்குள் திரும்பும்படி போய்வரலாம்.

திரும்பும் நாளுக்குச் சடங்கு இருக்கிறது என்பதே இதில் முக்கியம். வாவின் முடிவில் நடப்பது பவாரணை. ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் குறை கண்டிருந்தால், கேட்டிருந்தால், ஐயுற்றிருந்தால் சொல்லுங்கள் என்று வேண்டுகிறார். மீண்டும் நடை தொடங்கும் முன் குறை கேட்டாக வேண்டும். பாதி எழுதிய நாவலை மூன்று மாதம் கழித்துப் பிரிக்கும் எழுத்தாளருக்கு இது புரியும். முதலில் கண்ணில் படுவது பிழைதான். நேற்று எழுதியதில் அது தெரிந்திருக்காது.

தமிழருக்கும் திரும்பும் நாள் குறித்த ஓய்வு புதிதல்ல. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கிப் பூட்டிவிட்டு, படிக்கக் கூடாது என்று பிள்ளைகளைக் குஷிப்படுத்துகிறோம். மறுநாள் விஜயதசமியில் எடுத்தே ஆக வேண்டும். 2024இல் விஜயதசமி அக்டோபர் 12, தடிஞ்ஜுட் பௌர்ணமி அக்டோபர் 17. பெரும்பாலான ஆண்டுகளில் ஏறக்குறைய இதே இடைவெளிதான். ஒரே வளர்பிறையில் சென்னையில் உளியும் பேனாவும் எழுகின்றன, யாங்கோனில் பிக்குவின் கால் எழுகிறது.

ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். பிக்குவுக்கு ஊர் சோறிடுகிறது. மழையில் சூளை அணைந்த குயவருக்கு யார் இடுவார்? ஓய்வைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் பல நேரம், அதற்கான செலவை யார் ஏற்பது என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கால்கள் இரத்தம் சிந்த நடைதியானம் செய்து சோர்ந்த சோணர் என்ற பிக்குவுக்குப் புத்தர் வீணைத் தந்தியை உவமை காட்டினார். இழுத்தாலும் சுருதி கெடும், தளர்ந்தாலும் கெடும். அந்தச் சோணர் செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதும் அதே கதையில் இருக்கிறது. இப்படிப் பார்த்தால், ஓய்வில் தானாக அறம் இல்லை. திரும்பும் நாள் குறித்த ஓய்வில் இருக்கிறது. அந்த நாள்வரை உலை எரிய ஊர் உதவினால் முழுமையாகவே இருக்கிறது.

வா முடிந்த மறுமாதம், பிக்குகளுக்குக் காவியாடை வழங்கும் கடினச் சீவர தானம். அந்த டசாங்மோன் மாதப் பௌர்ணமிக்கு முந்தின இரவு யாங்கோனின் ஷ்வேடகன் பகோடாவில் பெண்கள் தறிகளில் வரிசையாக அமர்ந்து போட்டி போட்டுக்கொண்டு காவித்துணி நெய்கிறார்கள். விடிவதற்குள் நெய்து முடித்துப் புத்தர் சிலைக்குச் சாத்திவிட வேண்டும்.